கடலில் எண்ணெய், கரையில் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் என் தகப்பனாரின் லேத் பட்டறையை இப்போது நான் நடத்திவருகிறேன். கிழக்குக் கடலில் எண்ணெய் எடுக்கப் போவதாக ஊரில் கதை அடிபடுகிறது. அந்த வேலைகளைப் பிடிப்பதற்காக வங்கியில் கடன் எடுத்துப் பட்டறையைப் பெருப்பிக்கலாமா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: எண்ணெயை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம், தம்பி. மன்னாரில் நடந்ததை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2011 இல் கெயர்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் துளையிட்டு, டொராடோ, பராகூடா எனப் பெயரிடப்பட்ட இரண்டு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. 2015 இல் அந்த நிறுவனம் போய்விட்டது. வாயு இன்னமும் கடலடியில்தான் கிடக்கிறது. நம்முடைய கிழக்குக் கடலைப் பொறுத்தவரை, ஜே.எஸ். 5, ஜே.எஸ். 6 என்ற இரண்டு பகுதிகளை ஆராய்வதற்குப் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் 2016 இல் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அது ஆய்வுக்கான உடன்படிக்கையே ஒழிய, எண்ணெய் எடுப்பதற்கானதன்று. ஆய்வு தொடங்கி முதல் பீப்பாய் கரைக்கு வருவதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிவது இத்தொழிலில் சாதாரணம்; வராமலே போவதும் சாதாரணம். வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். நோர்வேயின் ஸ்டவாங்கர் இன்று எண்ணெய்த் தொழிலின் தலைநகர். அதற்கு முன்னர் அது சிறு மீன்களைத் தகரப் பேணியில் அடைத்து உலகெங்கும் விற்ற ஒரு துறைமுக நகரம். 1969 இன் இறுதியில் எக்கோபிஸ்க் என்ற எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்நாட்டாருக்கு எண்ணெய்த் தொழில் தெரியாது. ஆனால் கப்பல் கட்டும் தளங்களும் கடலோடிகளும் இரும்பு வேலை கைவந்த தொழிலாளரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். 1972 இல் அந்த அரசு விதித்த விதி, விலை, தரம், சேவை, ஒப்படைக்கும் நேரம் ஆகியவற்றில் ஈடுகொடுக்கக்கூடிய நோர்வேப் பொருளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பதாகும். ஈடுகொடுக்கக்கூடிய என்ற சொல்லில்தான் அந்த விதியின் உயிர் இருந்தது. ஈடுகொடுக்கும் பட்டறைகள் முன்னரே இருந்தபடியால்தான் அந்த விதி வெறும் காகிதமாகப் போகவில்லை.

சென்ற மாதம் உங்கள் பக்கத்துப் பட்டறையொன்றில் சிறிது நேரம் நின்றேன். பலநாள் படகொன்றின் புரொப்பெல்லர் தண்டைக் கடைந்துகொண்டிருந்த அண்ணன், மூன்று இடங்களில் அளவுகருவியை வைத்துப் பார்த்து, கிடைத்த அளவுகளைச் சுவரில் வெண்கட்டியால் எழுதினார். வேலை கண்ணாடிபோல் இருந்தது. அந்த உருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்; மூலையில் கிடந்த குவியலைக் காட்டினார். நம்மவர்களுக்கும் எண்ணெய்க் கம்பனிக்கும் இடையிலுள்ள தூரம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. கம்பனியின் கொள்வனவு அதிகாரி, அந்த உருக்கு எந்த ஆலையில் எந்த உலையில் உருக்கப்பட்டது என்ற சான்றையும், அளவுகள் பதிந்த தாளையும், ஒட்டு வேலை செய்தவர் எந்தப் பரிசோதனையில் தேறினார் என்பதையும் முதலில் கேட்பார். வேலை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்ப்பார். கடலுக்கு நடுவில் ஒரு குழாய் வெடித்தால் அது எந்தத் துண்டிலிருந்து தொடங்கியது என்று தேடிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அப்படிக் கேட்கிறார்கள். நம்மை அலைக்கழிப்பதற்காக அன்று.

இதற்குக் கடன் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு கோவையும், உருக்கு வாங்கும்போதே ஆலைச் சான்றைக் கேட்டு வாங்கும் பிடிவாதமும் போதும். பல வருட அனுபவம் உள்ளவர்களின் திறமையை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழி, அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் இருக்கிறது. உங்கள் தகப்பனாரையும் அழைத்துச் செல்லுங்கள். ஒட்டு வேலைக்குச் சர்வதேசத் தரத்தில் தனிப் பரிசோதனைகள் உண்டு. அவை அடுத்த படி. எண்ணெய் வராவிட்டாலும் இந்தப் பதிவு வீண்போகாது. ஐஸ் ஆலைகளும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் ஆலைகளும் இதே சான்றைப் பார்த்தே நம்பி வேலை தரும். அதுமட்டுமன்றி, பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள் திருகோணமலையில் நிற்கின்றன. அவற்றில் 61 ஐக் கூட்டாக அபிவிருத்தி செய்வதற்கு 2022 ஜனவரியில் உடன்படிக்கையாயிற்று. தகடு ஒட்டுவதும் குழாய் மாற்றுவதும் அங்கே தேவைப்படும் வேலைகள். எண்ணெய்த் தொழிலில் உங்களுக்கு மிகக் கிட்ட இருக்கும் கதவு அதுதான் என்பது என் எண்ணம்.

கேள்வி: களுதாவளையில் மிளகாய், கத்தரி, வெங்காயம் செய்யும் பெண்கள் சங்கம் எங்களுடையது. சில நாடுகளில் எண்ணெய்க் கம்பனிகள் உள்ளூர் உணவைத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். அப்படியொரு சட்டம் இங்கும் வந்தால் எங்களுக்குப் போதாதா?
– வாசகி, களுதாவளை

பதில்: சட்டம் வேண்டும், ஆனால் அது போதாது. கயானாவில் 2015 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு 2019 டிசம்பரிலேயே உற்பத்தி தொடங்கிவிட்டது. உள்ளூர்ப் பங்குக்கான சட்டமோ 2021 இன் இறுதியில்தான் வந்தது. உணவு வழங்கலில் 75 வீதமும், சமையல், சலவை, துப்புரவுச் சேவைகளில் 90 வீதமும் உள்ளூரார் கையில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நைஜீரியா 2010 இல் இயற்றிய சட்டம், எண்ணெய்த் துறையின் ஒப்பந்தத் தொகையில் 1 வீதத்தை உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் நிதிக்கு ஒதுக்கியது. இப்படியான சட்டங்கள் எங்கே வந்தாலும் கூடவே பினாமிகளும் முளைக்கிறார்கள்: பெயர்ப்பலகையில் ஊர்க்காரர், பணப்பெட்டியில் வெளியூர்க்காரர். உங்கள் சங்கத்தின் பெயரை இரவல் கேட்டு யாராவது வந்தால் கொடுத்துவிட வேண்டாம்.

துளையிடும் மேடையொன்றில் நூறு பேருக்கு மேல் தங்கியிருந்து, பன்னிரண்டு மணி நேர முறையில் இரவும் பகலும் வேலை செய்வார்கள். அவர்களுக்கான மரக்கறி குறித்த நாளில், குறித்த நிறையில் கப்பலில் ஏறியாக வேண்டும். நமக்கோ கார்த்திகை, மார்கழி மாரியில் வெள்ளம் ஏறினால் தோட்டமும் தெருவும் ஒன்றாகிவிடும். ஆகவே குளிர்க் களஞ்சியமும், மேட்டு நிலத்தில் தோட்டம் செய்யும் இன்னொரு ஊர்ச் சங்கத்துடன் முற்கூட்டியே ஓர் ஏற்பாடும் இருந்தால்தான் நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியும்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் காசு கைக்கு வரும் நாள். முன்னர் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பார்த்துவந்த காலத்தில், பெரிய கொள்வனவாளர் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்லி மூன்று மாதம் மரக்கறி எடுத்தார். பற்றுச்சீட்டு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. காசு மட்டும் 90 நாளாகியும் வரவில்லை. அதற்கிடையில் அடுத்த போகத்துக்கு விதையும் பசளையும் வாங்க வேண்டியிருந்ததால், உறுப்பினரான அக்கா ஒருவர் மகளின் காப்பை அடகு வைத்தார். காசு வந்தபோது வட்டி இலாபத்தைத் தின்றிருந்தது. அந்த அடகுச் சீட்டை என் கையால் கோவையில் வைத்தேன். இன்றும் மறக்க முடியவில்லை. சட்டத்தில் எத்தனை வீதம் என்று கேட்பதற்கு முன்னர், சிறு வழங்குநருக்கு இரண்டு கிழமைக்குள் காசு தர வேண்டும் என்ற விதியைக் கேளுங்கள். அப்படி வந்தாலும், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கம்பனிக்குக் கொடுக்காதீர்கள். களுவாஞ்சிகுடிச் சந்தையும் மட்டக்களப்புக் கடைகளும் என்றும் இருக்கும்.

கேள்வி: ஒலுவில் துறைமுகத்தை எண்ணெய்க் கப்பல்களுக்கான வழங்கல் தளமாக்கலாம் என்கிறார்கள். சரிவருமா?
– வாசகர், ஒலுவில்

பதில்: டென்மார்க்கின் கடனில் கட்டி 2013 இல் திறந்த துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்ததையும், அதன் வடக்கே கடல் கரையை அரித்ததையும் உங்களைவிட அறிந்தவர் இல்லை. மணலின் போக்குக்கு ஒரு தீர்வு காணாமல் எந்தத் தளமும் அங்கே நிலைக்காது. முதலில் மீனவரின் படகு தடையின்றிப் போய்வரட்டும்.

கேள்வி: 2020 இல் சங்கமன்கண்டிக்கு அப்பால் கப்பல் எரிந்தபோது நாங்கள் பயந்துபோனோம். எண்ணெய்த் தொழில் வந்தால் மீனவருக்கு இழப்பைத் தவிர வேறென்ன கிடைக்கும்?
– வாசகர், திருக்கோவில்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அந்த ஆண்டு செப்டம்பர் 3 ஆம் திகதி தீப்பற்றிய நியூ டயமண்ட், குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயை (சுத்திகரிக்காத எண்ணெயை)க் கொண்டுசென்றுகொண்டிருந்தது. இயந்திர அறையில் ஒரு மாலுமி உயிரிழந்தார். இலங்கை, இந்தியக் கப்பல்கள் பல நாள் போராடித் தீயை அடக்கின. மசகு எண்ணெய் தாங்கிகளை விட்டு வெளியேறவில்லை. வெளியேறிக் கரைக்கு வந்திருந்தால் முதலில் கடலில் இறங்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

அந்தப் பொறுப்பைக் கூலியுள்ள தொழிலாகக் கேட்க வேண்டும். நோர்வேயில் மீன்பிடிப் படகுகளை முற்கூட்டியே ஒப்பந்தம் செய்து, எண்ணெயை மறிக்கும் மிதவை வேலிகளை இழுக்கப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் சங்கமும் அதையே கேட்கலாம்: எண்ணெய் கசிந்தாலும் கசியாவிட்டாலும் ஆயத்தமாக இருப்பதற்கான கொடுப்பனவு, கரையிலேயே மிதவை வேலிகளும் பாதுகாப்பு உடைகளும் வைக்கும் களஞ்சியம், ஆண்டுதோறும் பயிற்சி. நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வெளியிலிருந்து வரும் எவருக்கும் தெரியாது.

இன்னொன்று. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த மீன் எத்தனை கிலோ பட்டது என்று படகுக்குப் படகு எழுதி வையுங்கள். கடல் கெட்ட பிறகு இழப்பீடு கேட்டால், கெடுவதற்கு முன்னர் என்ன இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கொப்பியை இந்த மாரிக்கு முன்னரே தொடங்குங்கள்.