இரண்டு தெருவுக்கும் பொதுவானவர்

கடிதம்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருபது பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டு முளைப்பாரி ஊர்வலம் எந்த வழியாகப் போவது என்பதில் இரண்டு தெருக்காரர்களுக்கும் தகராறு முற்றி, வட்டாட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை அமைதிக் கூட்டம் நடந்தும் தீரவில்லை. கடைசியில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் அது தணிந்தது. இரண்டு தெருவிலும் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். அவரைப் போன்றவர்களுக்கு ஆண்டுதோறும் அமைதி விருது என்று ஒரு கேடயமும் பத்தாயிரம் ரூபாயும் கொடுக்க நினைக்கிறோம். விருதுகள் மலிந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்கிறார்கள் சிலர். வேறு சிலர், ஆறிய புண்ணைக் கீறுவதாகிவிடும் என்கிறார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கொடுங்கள் என்றுதான் சொல்வேன். விருதுகள் மலிந்துவிட்டன என்பது உண்மையே என்றாலும், மலிந்தவை கேட்டு வாங்கும் விருதுகள். உங்கள் செவிலியர் அம்மா கேட்டிருக்க மாட்டார். ஆனால் இரண்டாவது ஐயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அதைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

என் சிறு வயதில் எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு ஒன்று இரண்டு கோடை நீடித்தது. மேலத்தெருவும் கீழத்தெருவும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட அந்த நாட்களில், இரண்டு பக்கமும் போய் வந்தவர் தயிர்க்காரம்மா ஒருவர்தான். ஈயம் பூசிய பித்தளைச் செம்பிலிருந்து உழக்கால் அளந்து ஊற்றி, மேலே ஒரு கொசுறும் விட்டுவிட்டு, "அந்தப் பக்கம் பெரியவருக்கு மூட்டுவலி, பாவம், ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். தகராறைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிரிக்கும் மூட்டு வலிக்கும் என்ற செய்தியை மட்டும் நாள்தோறும் கொண்டுவந்து சேர்த்தார். அவரை அன்று மேடையேற்றி மேலத்தெருக்காரர்கள் பொன்னாடை போர்த்தியிருந்தால், மறுநாள் கீழத்தெருவில் ஒரு வீட்டில்கூட அவரிடம் தயிர் வாங்கியிருக்க மாட்டார்கள்.

சமாதானம் பேசுகிறவருக்கு இருக்கும் ஒரே முதல், அவர் எந்தப் பக்கத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்ற நம்பிக்கை. இது நமக்குப் பழைய செய்திதான். புறநானூற்றின் 47ஆம் பாடலுக்குப் பின்னுள்ள நிகழ்ச்சியை உங்கள் வட்டத்தினர் அறிந்திருப்பார்கள். சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை, ஒற்றன் என்று ஐயுற்று, அவனோடு பகை கொண்டிருந்த நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் என்ற புலவர் தடுத்துப் பாடி அவரைக் காப்பாற்றினார். இரண்டு பகைவருக்கு நடுவில் நடந்து போகிறவன் மீது முதலில் விழுவது இந்த ஐயம்தான். கோவையில் மத நல்லிணக்கத்துக்காகப் பாடுபட்ட கோட்டை அமீர் அதற்காகவே கொல்லப்பட்டார்; குடியரசு நாளில் பதக்கமும் 25,000 ரூபாயுமாகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் வழங்கும் நல்லிணக்க விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. இறந்தவரின் பெயரால் விருது தருவது ஒரு விதத்தில் எளிது, அவருடைய நடுநிலைக்கு இனிக் கேடு வராது. நீங்கள் கொடுக்கப்போவதோ, நாளைக் காலையும் அதே இரண்டு தெருக்களில் நடக்க வேண்டியவருக்கு.

கென்யாவின் வடகிழக்கில் வாஜிர் என்ற வறண்ட மாவட்டம் இருக்கிறது. சோமாலி இன மேய்ச்சல் குடிகள் வாழும் பகுதி. 1990களின் தொடக்கத்தில், வறட்சியும் சேர்ந்துகொள்ள, அங்கே குலங்களுக்கு இடையே பெரும் மோதல் மூண்டது. ஒரு குலத்துப் பெண் விற்பதை இன்னொரு குலத்துப் பெண் வாங்க மாட்டாள் என்ற நிலை சந்தையிலேயே வந்தபோது, தேகா இப்ராகிம் அப்தி என்ற ஆசிரியையும் வேறு சில பெண்களும் கூடிப் பேசி, சந்தையிலிருந்தே வேலையைத் தொடங்கினார்கள். எந்தக் குலத்தவரும் யாரிடமும் வாங்கலாம், யாருக்கும் விற்கலாம் என்பதை நின்று கண்காணித்தார்கள். அதன் பிறகே பெரியவர்களிடம் போனார்கள். அங்கும் ஒரு நுட்பம்: சண்டையில் நேரடியாகச் சேராத சிறிய குலங்களின் முதியவர்களைப் பேச்சுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்த முயற்சியிலிருந்து ஓர் அமைதிக் குழு வளர்ந்தது. அந்தக் குழு ஆண்டுதோறும் அமைதி விழா நடத்தி, தம் பகுதியில் சண்டை மூளாமல் காத்த வட்டாரத் தலைவர்களுக்குப் பரிசும் கொடுத்தது. நீங்கள் நினைப்பது போன்ற விருதுதான். ஆனால் அதைக் கொடுத்த குழுவில் எல்லாக் குலத்தவரும் இருந்தார்கள் என்பதால், அது எந்தத் தரப்பின் பாராட்டாகவும் சுருங்கவில்லை. அப்திக்கு 2007இல் 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. சந்தையில் நின்றதற்கும் அந்த விருதுக்கும் இடையில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்று இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், 1976 ஆகஸ்டில், ராணுவத்தினரால் சுடப்பட்ட ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அருகில் வசித்த பெட்டி வில்லியம்ஸும், அக்குழந்தைகளின் தாயுடன் பிறந்த மைரீட் கோரிகனும், கியரன் மக்கியோன் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து தொடங்கிய அமைதி இயக்கத்தில் கத்தோலிக்கப் பெண்களும் புராட்டஸ்டண்ட் பெண்களும் ஒன்றாக ஊர்வலம் போனார்கள். அவர்களுக்காக நார்வே மக்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு 'மக்கள் அமைதிப் பரிசு' கொடுத்தார்கள். பிறகு நோபல் பரிசும் வந்தது, இரண்டு பெண்களுக்கு மட்டும். மூன்றாமவர் பெயர் அதில் இல்லை. பரிசுப் பணத்தை என்ன செய்வது என்பதில் மனத்தாங்கல் எழுந்தது. 1980இல் பெட்டி வில்லியம்ஸ் இயக்கத்தை விட்டே விலகினார். உங்கள் பத்தாயிரம் ரூபாய் அவ்வளவு பெரிய தொகை அல்ல என்று சிரிக்காதீர்கள். சிறிய ஊரில் பத்தாயிரத்துக்கு வேறு மாதிரி எடை உண்டு. அந்த அம்மா எத்தனை நாள் நடந்தார் என்பது மறந்துபோகும், எவ்வளவு வாங்கினார் என்பது நிற்கும். அந்தத் தொகையில் இரண்டு தெருவும் புழங்கும் இடத்தில், நூலக வாசலிலோ குழாயடியிலோ, உட்காருவதற்கு ஒரு சிமெண்ட் பெஞ்சு போடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் ஒன்று. எதை நாம் அமைதி என்று எண்ணி விருது கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்க சாதியினர் எதிர்த்ததால், 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடக்கவில்லை. நின்று வென்ற சிலரும் பதவியேற்ற கையோடு விலக வைக்கப்பட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் அமைதிதான். "எங்க ஊர்ல ஒரு பிரச்சினையும் இல்லீங்க" என்று சொல்லக்கூடிய பெரிய மனிதர்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு அப்போது அமைதி விருது கொடுத்திருந்தால் எவ்வளவு பெரிய பிழையாக இருந்திருக்கும்! 2006இல் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்ற பிறகு, அரசு சென்னையில் அவர்களை அழைத்து விழா எடுத்துப் பாராட்டியதே, அதில் பொருள் இருந்தது. ஆகவே, உங்கள் முளைப்பாரி தகராறு எப்படித் தீர்ந்தது என்பதை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒரு தெரு, வேறு வழியில்லாமல் தன் உரிமையை விட்டுவிட்டு வாய் மூடிக்கொண்டதா, அல்லது இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டதா? கடிதத்தில் அது இல்லை. முதலாவதாக இருந்தால், செவிலியரின் வேலை இன்னும் முடியவில்லை. விருதுக்கு அவசரமும் இல்லை.

இரண்டாவதாக இருந்தால், இன்னொருவரையும் தேடுங்கள். பேசியவர் இருந்தால், அந்தப் பேச்சைக் கேட்டு முதலில் விட்டுக்கொடுத்தவர் ஒருவரும் எங்கேயோ இருப்பார். பெரும்பாலும் அவர் பெயர் வெளியே தெரியாது. சொந்தத் தெருவிலேயே "பயந்தாங்கொள்ளி" என்ற பெயரோடு, டீக்கடையில் நான்கு மாதம் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். செவிலியர் அம்மாவைக் கேட்டால் அவர் யாரென்று சொல்வார். அந்த மனிதரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே விருதாக இருக்கட்டும்.

ஊர்தோறும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இரு தரப்பிடமும் கமிஷன் வாங்கிக் கட்டப்பஞ்சாயத்து செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் விருது அறிவித்ததும் முதல் பரிந்துரை அவர்களிடமிருந்தே வரும், அதுவும் தட்டச்சு செய்து, புகைப்படத்தோடு. அதனால் விண்ணப்பம் வாங்காதீர்கள். ஒவ்வொரு தெருவிலும் மூன்று பெண்களிடம், எதிர்த்தெருவில் யாரை நம்புவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே பெயர் வராவிட்டால், அந்த ஆண்டு விருது வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த அம்மாவிடம் போய்க் கேளுங்கள். மேடை வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். எந்தத் தெரு வழியாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.