இயந்திரங்கள் எல்லாம் இணையத்தில் இணைந்துவிட்டால் உற்பத்தித் திட்டமிடுபவருக்கு வேலை இருக்குமா?

நீங்கள் அண்மையில்தான் பிளானிங் பிரிவில் சேர்ந்திருப்பீர்கள், யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேலை இருக்கும். அட்டவணை போடுவது மட்டும்தான் வேலை என்றால் இருக்காது.

1960களில் ஜோசப் ஆர்லிக்கி உருவாக்கிய எம்.ஆர்.பி. முறை, அதாவது எந்தப் பாகம் எத்தனை, எப்போது வேண்டும் என்று கணினியில் கணக்கிடும் முறை, ஒரு பாகத்துக்கு இத்தனை நாள் என்று முன்பே எழுதிவைத்துத்தான் கணக்குப் போட்டது. இயந்திரம் அத்தனை வேலையைத் தாங்குமா என்று அது கேட்கவில்லை. அந்தக் குறையை எங்களைப் போன்றவர்கள் ஷிப்ட் முழுக்கத் தளத்தில் நடந்தே ஈடுகட்டினோம். இப்போது ஸ்பிண்டில் (இயந்திரத்தின் சுழலும் தண்டு) நின்றால் அடுத்த நொடி திரையில் சிவப்பு. மென்பொருளே வேலைகளை வேறு இயந்திரத்துக்கு மாற்றிவிடுகிறது. பெரிய வசதி. நான் மென்பொருளுக்கு எதிரி என்று யாரும் கருத்திட வர வேண்டாம்.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், வால்வு பாகங்கள் கடையும் ஆலையில் இருக்கிறேன். கோவையிலிருந்து வந்த ஒரு லாட் காஸ்டிங்குகளை (இரும்பு வார்ப்புகளை) ஓட்டியபோது, ஒரு நாள் இன்சர்ட் எனப்படும் வெட்டுமுனை மாற்ற மாற்ற உடைந்தது. இயந்திரம் அடிக்கடி நிற்பதைக் கண்ட மென்பொருள் அதே காஸ்டிங்குகளைப் பக்கத்து இயந்திரத்துக்குத் தள்ளியது. அங்கே நல்லபடி ஓடிக்கொண்டிருந்த வேலையின் ஃபிக்ஸரை, அதாவது பாகத்தைப் பிடித்துவைக்கும் அமைப்பை, கழற்றத் தொடங்கிவிட்டார்கள். வேலந்தாவளத்திலிருந்து வரும் மூத்த ஆபரேட்டர் ஒருவர் காஸ்டிங்கின் மெல்லிய விளிம்பில் அரத்தை வைத்து இழுத்தார். அரம் பிடிக்காமல் வழுக்கியது. "தம்பி, கோளாறு மெஷினில் இல்லை. இரும்பு சீக்கிரம் ஆறி இறுகிப்போயிருக்கிறது" என்றார். மாற்றத்தை உடனே நிறுத்தினேன். அந்த லாட்டை ஒதுக்கிவிட்டு, ஓடும் ஷிப்டின் வரிசையை மனிதர் ஒப்புதல் இல்லாமல் மென்பொருள் தொடக் கூடாது என்று மேலாளரிடம் வாதாடிப் பூட்டவைத்தேன்.

சென்சாருக்கு நின்றது தெரியும். ஏன் நின்றது என்று தெரியாது. அதைக் கண்டறிந்து, திட்டத்தை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் இனி உங்கள் வேலை. அதற்குத்தான் ஆபரேட்டர் காரணத்தைத் தேர்ந்தெடுக்கத் திரையில் ஒரு பட்டியல் வைக்கிறார்கள். அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது! பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் எங்களிடம் பலர். தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும் என்று கேட்டால், ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கட்டணமாம். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்குபவர்களுக்கு இது மட்டும் வீண்செலவாகத் தெரிகிறது. ஆபரேட்டர்களோ 'இதர காரணம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார்கள். இயந்திரம் ஏன் நின்றது என்று மாதக் கூட்டத்தில் கேட்டால், அதற்கும் பிளானிங் பிரிவுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆலையில் அந்தப் பட்டியல் எந்த மொழியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.