ஹிடால்கோ: பொய்க் கதை என்பதால் மோசமான படமா?

ஹிடால்கோ என்ற ஹாலிவுட் படம் பொய்க் கதை, அதனால் மோசமான படம் என்று உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. உண்மைக் கதை என்று விளம்பரம் செய்துதான் 2004-ல் ஹிடால்கோவை வெளியிட்டார்கள், ஆனால் படத்தின் நாயகனான ஃபிராங்க் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கக் குதிரைவீரர், தான் வென்றதாகச் சொல்லிக்கொண்ட அந்த 3,000 மைல் அரேபியக் குதிரைப் பந்தயத்துக்கு ஆதாரமே இல்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அந்த விளம்பரத்தின் மேல் உங்கள் நண்பருக்குக் கோபம் வந்தால் நியாயம். அதற்காகப் படமே குப்பை, அதை ரசித்த நீங்கள் ஏமாளி என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசிப் பகுதியை அவரோடு இன்னொரு முறை பாருங்கள். பாலைவனத்தில் ஹாப்கின்ஸின் குதிரை ஹிடால்கோ விழுந்துவிடுகிறது, துப்பாக்கியை எடுத்தவனுக்குச் சுட மனம் வரவில்லை, அப்புறம் அது தானாகவே எழுந்து நிற்கிறது, இவன் சேணத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் முதுகில் ஏறுகிறான். ஹாப்கின்ஸாக நடித்த விக்கோ மார்டென்சன் அங்கே அதிகம் பேசுவதே இல்லை, அந்தக் குதிரையைப் பார்க்கும் பார்வையே போதும் (படத்தில் நடித்த குதிரைகளில் ஒன்றை அவர் பிறகு சொந்தமாகவே வாங்கிக்கொண்டார்).

எனக்கு உறுத்துவது வேறு: அரபுப் பாத்திரங்கள். ஓமர் ஷெரீஃப் நடித்த ஷேக்கைத் தவிர மற்றவர்களை அரைகுறையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சண்டை போடுவதென்றால் அதைப் பற்றிப் போடுங்கள், அவர் பக்கம் நானும் சேர்ந்துகொள்கிறேன்.