உப்புக்காற்றில் சீறும் பீங்கான் இன்சுலேட்டர்: கழுவினால் போதுமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் ஓர் உப்பு ஆலையில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருக்கிறேன். மீட்டரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை எங்கள் சொந்த 11 கே.வி. லைன் உப்பளத்தை ஒட்டிப் போகிறது. பனி இறங்கும் அதிகாலையில், இரும்புப் பின்னில் (pin) நின்று கம்பியைத் தாங்கும் பீங்கான் பின் இன்சுலேட்டர்கள் சீறுகின்றன. ஆவணித் தூறல் விழுந்தால் லைன் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுபோகிறது. அடைமழையில் ஒன்றும் ஆவதில்லை. அண்மையில் ஒரு பின் இன்சுலேட்டர் வெடித்தது. எல்லாவற்றையும் பாலிமருக்கு மாற்றச் சொல்கிறார் ஒப்பந்ததாரர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: உங்களிடம் இருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். சீறலும் ட்ரிப்பும் மேற்பரப்பில் நடப்பவை. வெடிப்பு பீங்கானின் உள்ளே நடந்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டு லைன் முழுவதையும் மாற்றுவது வீண் செலவு.

காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பனியோ தூறலோ அதை நனைத்ததும் பீங்கானின் மேல் உப்புக்கரைசல் படலம் உண்டாகி, கசிவு மின்னோட்டம் ஓடுகிறது. அந்தச் சூட்டில் படலம் ஆங்காங்கே காய்ந்து இடைவெளி விடும். மொத்த மின்னழுத்தமும் அந்த இடைவெளியில் விழுவதால் சிறு பொறிகள் தாவும். நீங்கள் கேட்கும் சீறல் அதுதான். பொறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கம்பியிலிருந்து கம்பத்தின் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்ம் வரை எட்டிவிட்டால் ட்ரிப். அடைமழை உப்பைக் கழுவிவிடுவதால் அப்போது தொல்லை இல்லை. விடியற்காலையில் சீறி, வெயில் ஏறியதும் அடங்கினால் அது மேற்பரப்புக் கசிவு. நண்பகல் வெயிலிலும் சத்தம் வந்தால் கம்பியை இன்சுலேட்டரோடு கட்டும் பைண்டிங் தளர்ந்திருக்கலாம், பீங்கானில் விரிசல் விட்டிருக்கலாம். அந்தக் கம்பத்தைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

முதலில் கசிவுப் பாதையை, அதாவது கசிவு மின்னோட்டம் பீங்கானின் மேற்பரப்பை ஒட்டிக் கடக்க வேண்டிய தூரத்தை, அளந்துவிடுங்கள். கழற்றிய ஒரு இன்சுலேட்டரை எடுத்து, கம்பி உட்காரும் பள்ளத்திலிருந்து இரும்புப் பின் தொடங்கும் இடம் வரை, பாவாடை மடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் இறங்கி ஏறுமாறு குறுகிய டேப் ஒன்றை ஒட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு அதைப் பிரித்து நீளம் பாருங்கள். சாதாரண 11 கே.வி. பின் இன்சுலேட்டரில் 230 மி.மீ. அளவுக்கு வரும், கடும் மாசுக்கான வகையில் 320. உப்பளத்தை ஒட்டிய இடத்துக்கு ஒரு கே.வி.க்கு 31 மி.மீ. வேண்டும். 11 கே.வி. லைனின் உச்ச அழுத்தம் 12 கே.வி. என்பதால் 372 மி.மீ. தேவை. விலைப்பட்டியலில் 53.7 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; அது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான அழுத்தத்தை வைத்துச் சொல்வது, கணக்குப் போட்டால் அதே 372தான் வரும்.

உங்களுடையது 230 ரகமாக இருந்தால், எத்தனை முறை கழுவினாலும் ட்ரிப் திரும்ப வரும். பின் இன்சுலேட்டர்களை மாற்றிவிடுங்கள். பீங்கானா பாலிமரா என்பது அதற்கு அடுத்த கேள்விதான். 372க்குக் குறையாத எதுவும் சரி. பாலிமர் என்றால் சிலிகான் ரப்பர் என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். தண்ணீர் ஒட்டாத அதன் குணம் மேலே படியும் உப்புப் படலத்துக்கும் பரவும். வேறு ரப்பர்களில் அது கிடைக்காது. லைன் முனைகளில் கம்பியை இழுத்துப் பிடிக்கும் தட்டு வடிவ டிஸ்க் இன்சுலேட்டர்கள் நல்ல நிலையில் இருந்தால் கழற்றி எறிய வேண்டாம், ஒன்றுக்கு இரண்டாகத் தொடுத்தால் கசிவுப் பாதை இரட்டிப்பாகும். படுக்கை வாக்கில் கிடப்பதால் அவற்றின் அடிப்பக்கத்தையும் மழை கழுவும்.

பலர் மறப்பது ஏபி ஸ்விட்சின் (கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போஸ்ட் இன்சுலேட்டர்களையும், கம்பி டிரான்ஸ்ஃபார்மருக்குள் நுழையும் இடத்துப் பீங்கானான புஷ்ஷிங்கையும். லைனை மாற்றிவிட்டு இவற்றை விட்டால் அடுத்த ட்ரிப் அங்கேதான். உடனே மாற்ற முடியாவிட்டால் சிலிகான் கிரீஸ் பூசலாம். ஆனால் உப்பு ஊறிய கிரீஸை வழித்தெடுத்துப் புதிதாகப் பூசாவிட்டால் பூசாமலே இருப்பதை விட மோசம்.

கழுவும் வேலைக்கு லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான அனுமதி) வாங்கி, இரு பக்கமும் லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகே கம்பம் ஏற வேண்டும். ஏபி ஸ்விட்சைத் திறந்தாலும் அதன் சப்ளைப் பக்கம் உயிரோடுதான் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு மின்வாரிய ஷட்டவுன் இல்லாமல் கை வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உங்கள் ஊர் போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது உப்பை இன்னும் ஏற்றும், லாரித் தண்ணீர் வாங்குங்கள். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் கூடாது. பீங்கானின் பளபளப்புப் பூச்சான கிளேஸ் கீறிய இடத்தில் அழுக்கு கெட்டியாகப் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட பிறகு தையிலிருந்து உப்பு மெல்லச் சேர்கிறது. எனவே சித்திரையில் ஒரு முறை, ஆடிக் கடைசியில், முதல் தூறலுக்கு முன், ஒரு முறை கழுவினால் பொருந்தும்.

வெடித்ததன் துண்டுகளை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் கிளேஸ் இல்லாத உடைந்த முகத்தில் பேனா மை ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்துத் துடையுங்கள். மை உள்ளே இறங்கியிருந்தால் பீங்கான் சரியாக வேகவில்லை. அதே பேட்ச் எண் உள்ள அனைத்தையும் சந்தேகியுங்கள். மை இறங்காமல், உடைப்பு பின் துளையிலிருந்து கிளம்பியிருந்தால், துருதான் காரணமாக இருக்கும். உப்புக்காற்றில் பின்னின் துத்தநாகப் பூச்சு போய் இரும்பு துருப்பிடிக்கும்போது, துரு பருத்துத் தலைப்பகுதியை உள்ளிருந்து பிளக்கிறது. அந்த விரிசலை மின்னழுத்தம் துளைக்க, உள்ளே பொறி பாய்ந்து பீங்கான் சிதறுகிறது. பழுப்புக் கறை வடிந்திருக்கும் பின் எதுவானாலும் பீங்கானோடு சேர்த்து மாற்றுங்கள். மற்றவற்றைத் துடைத்து உலர்த்தி, பள்ளத்தில் அலுமினியத் தாள் சுற்றி, இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் 5 கே.வி. மெக்கரில் பாருங்கள். நல்லது ஆயிரக்கணக்கான மெகா ஓம் காட்டும். சில நூறுகளில் நின்றால் கழித்துவிடுங்கள்.

லைனின் இன்சுலேஷனை உயர்த்தியதும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதுவரை கம்பத்திலேயே தாவி இறங்கிய இடி அலை இனித் தாவாமல் டிரான்ஸ்ஃபார்மர் வரை வரலாம். அதன் வாயிலில் இடி அலையை நிலத்துக்குத் திருப்பும் 9 கே.வி. அரெஸ்டர்கள் மூன்றும் சரியாக இருக்கின்றனவா, அவற்றின் எர்த் கம்பி உப்பு மண்ணில் அரித்துப் போயிருக்கிறதா என்று, புதிய இன்சுலேட்டர் ஏற்றும் அதே ஷட்டவுனில் தோண்டிப் பார்த்துவிடுங்கள்.