'நான் நிக்கிறது லைனுல'

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம், மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மகனுக்கு 21 வயது. தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம், ஏழு அரியர். எந்நேரமும் ராப் பாட்டுதான். தொப்பியும் தொளதொள சட்டையும் போட்டுக்கொண்டு கே.ஆர்.பி. டேமில் நின்று வீடியோ எடுத்துப் போடுகிறான். 'அண்ணன் பேருக்குப் பின்னால பி.இ., தங்கச்சி கழுத்துல கம்பெனி ஐ.டி., அவன் நிக்கிறது மேடையில, நான் நிக்கிறது லைனுல' என்று முன்னுக்குப் பின் சம்பந்தமில்லாமல் பாடிக் குடும்ப மானத்தை வாங்குகிறான். மண்டியில் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அமெரிக்காக்காரன் பழக்கம் நம் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது. இவன் தங்கச்சி தங்கமான பிள்ளை. கவர்மென்ட் ஸ்கூலில் படித்து பிளஸ் டூவில் 521 எடுத்தும், அடம்பிடிக்காமல் இரண்டு வருஷமாக ஓசூர் கம்பெனிக்குப் போய் இவனுக்கு ஃபீஸ் கட்டுகிறாள். அந்தப் பாட்டு நோட்டுகூட அவளுடையதுதான், சின்னதிலிருந்து எதையாவது கிறுக்குவாள். மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவாள். மகனை இந்த ராப்பிலிருந்து எப்படி மீட்பது?

பதில்: தொப்பி, சங்கிலி, விடிய விடிய ஹெட்ஃபோன். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. சில வருஷம் முன்பு இதையே டிக்டாக் என்று எழுதினார்கள், அதற்கு முன்பு சினிமா என்று. எல்லாம் சரியாகிவிடும், வயசுக் கோளாறு என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப்போவதில்லை. உங்கள் மகனிடம் அப்புறம் வருகிறேன்.

சம்பந்தமில்லாத பாட்டு என்று நாலு வரி எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதை நான் மூன்று தடவை படித்தேன். 'அவன் நிக்கிறது மேடையில.' மேடையில் நிற்கிறவன் உங்கள் மகன். சரி, அடுத்த வரியில் வருகிற 'நான்' யார்? உங்கள் மகன் எந்த லைனில் நின்றான்? காலேஜ் கேன்டீன் லைனிலா?

மண்டிக் கணக்கில் ஒரு கூடை குறைந்தால் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். இந்த நாலு வரியில் ஆள் மாறியிருப்பது தெரியவில்லையா? ஓசூரில் கம்பெனிக்குப் போகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் லைன் என்றால் என்னவென்று சொல்லும். கம்பெனியில் பொருள் தயாராகிற வரிசை அது. எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, போன வாரம் பகல் ஷிஃப்ட் என்றால் இந்த வாரம் நைட், வெயில் ஏறின பிறகு ஹாஸ்டல் கட்டிலில் தூக்கம். அங்கே நிற்கிற பெண் எழுதிய வரி அது. அப்பாவிடம் நேரில் சொல்ல வாய் வராமல் நோட்டில் எழுதினாள். அண்ணன் அதை எடுத்துப் பாடினான். அது போனில் சுற்றி மண்டிக்கு வந்து உங்கள் காதிலேயே விழுந்தது. நீங்கள் அப்போதும் அவன் தொப்பியைத்தான் பார்த்தீர்கள்.

கடிதத்தில் 'அடம்பிடிக்காமல்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அடம்பிடிக்காத பிள்ளைக்குத் தட்டில் குறைத்து வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் ரொம்ப நாளாக இருக்கிறது. ஏழு அரியர் வைத்தவனுக்கு ஃபீஸ், 521 எடுத்தவளுக்கு ஐ.டி. கார்டு. இதற்குப் பெயர் குடும்பக் கஷ்டம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கஷ்டம் உண்மையாக இருக்கலாம். அதை யார் தலையில் வைப்பது என்று முடிவு செய்தது நீங்கள்.

பணமில்லை என்பீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியில் பெண்களுக்கென்றே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் உங்களுக்குப் பஸ் தூரம். அந்த வருஷம் நீங்கள் விசாரிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது அமெரிக்காக்காரனுக்கு வருவோம். ராப்பில் வக்கிரம் இல்லை என்று நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பெண்ணைப் பண்டமாகப் பேசுவது, கஞ்சா, பணக்கட்டை விசிறுவது எல்லாம் அதில் கொட்டிக் கிடக்கிறது. தமிழிலும் சிலர் அதை அப்படியே இறக்கியிருக்கிறார்கள், கேட்டால் எனக்குக் காது கூசும். 2018-ல் கெண்ட்ரிக் லாமர் என்ற அமெரிக்கப் பாடகருக்கு, அங்கே பெரிதாக மதிக்கிற புலிட்சர் பரிசை வாங்கிக் கொடுத்ததும் இதே ராப்தான். நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த எனக்கு நேரமில்லை. அது பிறந்த கதையை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற ஏழைப்பட்ட பகுதி. ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சிண்டி கேம்ப்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்க வேண்டும். கையில் காசில்லை. அவர்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ் ஹாலை வாடகைக்குப் பிடித்து, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று டிக்கெட் போட்டு ஒரு விருந்து வைத்தாள். பாட்டு போட அண்ணனைக் கூப்பிட்டாள். அவனுக்குப் பதினெட்டு வயது. ஸ்பீக்கர் செட் அப்பாவுடையது. ராப்புக்குத் தாய்வீடான ஹிப்ஹாப் பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடுவது அந்த ராத்திரியைத்தான். கூல் ஹெர்க் என்ற அண்ணன் பெயர் ஊரெல்லாம் தெரியும். தங்கச்சி பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனாலும் உங்கள் வீட்டோடு ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பெண் காசு சேர்த்தது தான் பள்ளிக்கூடம் போவதற்கு.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசத்தைக் கொட்டிவிட்டுப் போன விஷயத்தை 2015-ல் ராப்பாகப் பாடி உலகம் முழுக்கக் கேட்க வைத்தவர் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண். அடுத்த வருஷமே கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், அந்தத் தொழிலாளர்கள் பல வருஷம் போராடியிருந்தார்கள். ஆனால் காது கொடுக்காத இடத்தில் காது கொடுக்க வைத்தது அந்தப் பாட்டு. உங்கள் பெண்ணும் அதைத்தான் முயற்சி செய்திருக்கிறாள், வீட்டு அளவில்.

இனி உங்கள் மகன். இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள், அவனே படிக்கட்டும். தம்பி, ராப் பாடுகிறவர்களிடம் ஒரு ரோஷம் உண்டு, அது உனக்கும் தெரியும். அடுத்தவன் எழுத்தைத் தன் எழுத்தாகப் பாடுகிறவனை அங்கே மதிக்க மாட்டார்கள். 2021-ல் ஊரெல்லாம் ஒலித்த ஒரு பாட்டை எழுதிப் பாடிய அறிவு என்ற ராப் பாடகரின் படம் ஒரு பத்திரிகை அட்டையில் விடுபட்டபோது எத்தனை பேர் கொதித்தார்கள்? நீயும் ஸ்டேட்டஸ் வைத்திருப்பாய். உன் வீடியோவுக்குக் கீழே 'வரிகள்' என்று போட்டு யார் பெயரை எழுதியிருக்கிறாய், போய்ப் பார். அவள் நின்று சம்பாதித்த காசில் படிக்கிறாய், அவள் நின்று எழுதியதைப் பாடுகிறாய், அவள் பெயர் எங்கேயும் இல்லை. அண்ணன் என்பவன் தங்கைக்குச் சீர் செய்கிறவன் என்று வளர்ந்தவள் நான். பழைய காலத்து ஆள் என்று சிரித்துக்கொள், பரவாயில்லை. அரியர் ஃபீஸை இனி நீ சம்பாதித்துக் கட்டு. ஜூன் வரை மண்டியில் ராத்திரி லோடு ஏற்ற ஆள் தேடுவார்கள், அப்பாவைக் கேள்.

ஐயா, ராப்பிலிருந்து மீட்க வழி கேட்டீர்கள். அவன் பாடட்டும், அதில் நான் தலையிடவில்லை. இந்த மாதத்தோடு அவள் சம்பளம் அவன் கல்லூரிக்குப் போவதை நிறுத்துங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற சமயத்தில் கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கும். அவளைக் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள், அவனை அனுப்பாதீர்கள். இரண்டு வருஷம் போய்விட்டதே, இனி என்ன படிப்பு என்று அவளே தயங்குவாள். அப்போதும் 'அவளுக்கே இஷ்டமில்லை' என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

இந்த ஞாயிறு அவள் வருகிறாளா? அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, அவள் எதிரிலேயே உட்கார்ந்து படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து.

உங்கள் கடிதத்தில் மகன் பெயர் பதினொரு இடத்தில் வருகிறது. அச்சுக்காக நான்தான் எடுத்துவிட்டேன். அவளைப் பற்றி எழுதிய இடத்தில் எடுக்க ஒன்றும் இருக்கவில்லை, 'இவன் தங்கச்சி' என்றுதான் இருந்தது. அடுத்த கடிதத்தில் அவள் பெயரை எழுதுங்கள்.