பால் குடிக்கும் குட்டி இருந்தாலும் தாய்ப்பூனை சினையாகும்

கேள்வி: எங்கள் பூனைக்கு எட்டு மாதம். மூன்று வாரம் முன்பு நான்கு குட்டி போட்டது. பால் கொடுக்கும்வரை மறுபடி சினையாகாது என்கிறார்கள். அடுத்த ஈத்துக் குட்டிகளை மாந்தோப்பில் விட்டுவிடலாம் என்கிறார் மாமியார். கருத்தடை ஆபரேஷன் எப்போது செய்யலாம்?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இன்று இரவே தாயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். குட்டிகள் பால் குடிக்கும்போதே பூனை பருவத்துக்கு வரும். முன்னங்காலைத் தரையோடு அழுத்தி, பின்புறத்தைத் தூக்கி, விடிய விடியக் கத்தும். அப்போது கடுவன் சேர்ந்தால் சுமார் 63 நாளில் அடுத்த ஈத்து.

தோப்பில் விட்ட குட்டி பிழைக்காது அம்மா. பசியிலும் நாய் வாயிலும்தான் போகும். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எட்டு வாரத்தில் குட்டிகள் பால் மறந்துவிடும். அதன்பின் இரண்டு வாரம் விட்டால் மடி வற்றும். அப்போது ஆபரேஷன் செய்தால் தையல் போடுவது எளிது. குட்டிகளை யாருக்குக் கொடுத்தாலும், நான்கைந்து மாதத்தில், எடை 2 கிலோ வந்ததும் ஆபரேஷன் செய்வதாகச் சொல்பவருக்கே கொடுங்கள். ஒரு ஈத்தாவது ஈன வேண்டும் என்பதில் உண்மையில்லை. கருத்தடை ஊசியை நம்ப வேண்டாம். கர்ப்பப்பையில் சீழ், மடியில் கட்டி வரக்கூடும்.

எந்த நாளில் பூனைக்கு ஆபரேஷன் செய்கிறார்கள் என்று கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே கேளுங்கள். முந்தைய இரவுக்குப்பின் வளர்ந்த பூனைக்குச் சாப்பாடு கூடாது. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். குட்டிகளை மட்டும் அவ்வளவு நேரம் பட்டினி போடாதீர்கள். மருத்துவர் சொல்லும் நேரமே கணக்கு. பஸ்ஸில் சாக்கில் கட்டித் தூக்கிப்போக வேண்டாம், மூச்சு முட்டும். இரண்டு தக்காளி கிரேட்டை வாயோடு வாய் வைத்துக் கயிற்றால் கட்டி, உள்ளே பழைய துண்டு விரித்தால் போதும்.

வீடு வந்ததும் கட்டில், பரண் ஏறாதபடி ஓர் அறையில் விடுங்கள். காயத்தை நக்கவிடாமல் தடுக்கும் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை 10 நாளாவது இருக்கட்டும். நக்கினால் தையல் பிரியும். காயத்தில் டெட்டால் தடவாதீர்கள், நக்கினால் விஷம். வலிக்குப் பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். வீக்கமோ சீழோ தெரிந்தாலும், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கடுவனுக்கும் தேவையா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: கட்டாயம். சண்டையும், சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெரும்பாலும் குறையும். ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரம் விந்து தங்கியிருக்கும். ஆறு வாரம்வரை பெட்டையோடு விடாதீர்கள்.