வயலை விற்க வேண்டாம், மகளைத் தீவனம் படிக்க விடுங்கள்

மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டுத் தம்பிலுவிலில் இருந்து வந்த தாய் தகப்பனுக்கு நேரில் சொன்னதில் பாதி, பஸ் அக்கரைப்பற்றைத் தாண்டும்போதே மறந்திருக்கும். மீதியைப் பிள்ளையின் பெரியம்மா மறக்கடித்திருப்பார். அதனால் எழுதியே தருகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உதவட்டும்.

மூத்த மகள் உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாக உயர்தரப் பரீட்சை எழுதியவள். மருத்துவபீடத்து வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாயபீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். பதிவு செய்யச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைப் பற்றி வீட்டில் எவருக்கும் பேச்சில்லை. பேச்செல்லாம் வெளிநாட்டில் காசு கட்டி எம்.பி.பி.எஸ். படிக்க வைப்பதைப் பற்றித்தான். முகவர் ஒருவர் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். லண்டன் மாமா கால்வாசி தருவாராம். மீதிக்கு வயலை விற்பதாம்.

அம்மா, பயப்படாதீர்கள், நல்ல பெறுபேறுதானே என்று ஆறுதல் சொல்லித்தான் நானும் தொடங்கினேன். முகவரின் கணக்குத் தாளைப் பார்த்த பிறகு ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் காசைப் பேசுவோம். முகவர் போட்டிருப்பது இன்றைய நாணயமாற்று விலைக் கணக்கு. கட்டணமோ டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது பிள்ளையை வெளிநாட்டில் விட்டிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். படிப்பை முடித்துக்கொண்டு வந்தாலும், இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் தேறினால்தான் இங்கே பதிவு கிடைக்கும். அதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் உண்டு. முகவரின் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்தது வயல். நமது பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண் பிள்ளைகளுக்கென்றே இறங்குவது வழக்கம். அப்படியானால் அதில் சரிபாதி இளையவளுடையது. அவள் இன்னும் சாதாரணதரமே எழுதவில்லை. அவளுடைய பங்கை விற்று மூத்தவளுக்குக் கட்டணம் கட்டுவதற்கு நான் எந்த வகையிலும் சம்மதம் சொல்ல மாட்டேன். பத்து வருடம் கழித்து அக்காவும் தங்கையும் முகம் பார்க்காமல் போகும் குடும்பங்கள் எல்லாம் இப்படி ஒரு நல்ல நோக்கத்தில் தொடங்கியவைதான்.

மூன்றாவது, யாரும் கேட்காதது. உங்கள் மகளுக்கு டொக்டராக விருப்பமில்லை. நீங்கள் வெளியே தேநீர் குடிக்கப் போயிருந்தபோது என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுப் பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். அப்பாவின் எருமைப் பட்டிக்கு அவள் எழுதும் கணக்கு. இடது பக்கத்தில் எருமையின் பெயர், நடுவில் அன்று தின்றது என்ன, வலது பக்கத்தில் காலைப் பால் எத்தனை போத்தல். “வைக்கோல் மட்டும் – 2. வைக்கோலோடு தவிடும் சீமைக்கிளுவையும் – 3” என்று ஓரிடத்தில் இருந்தது. அதற்குக் கீழே, “தவிட்டை நிறுத்தினால் எத்தனை நாளில் குறையும்?” என்று தனக்குத் தானே ஒரு கேள்வி. அடுத்த பக்கத்தில் அதற்கு விடையும் இருந்தது. நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அப்பாவுக்கு இது தெரியாது என்றாள், இப்போது தெரிந்துவிட்டது. பிள்ளையை ஏசாதீர்கள் ஐயா.

தாதியியல், சித்த மருத்துவம், ஆசிரியர் தொழில் என்றெல்லாம் கேட்டீர்கள். அவற்றைச் சொல்லித்தர ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: விலங்குப் போசணை. “மாட்டுக்குத் தீன் வைக்கப் படிப்பா?” என்று பெரியம்மா கேட்டாராம். ஆம், அதற்குத்தான் படிப்பு.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்து விழுந்தன. குளிர்தான் கொன்றது. ஆனால் அதே குளிரில் நின்று பிழைத்த மாடுகளும் உண்டே? மாடும் எருமையும் தின்ற நார், ருமென் என்கிற முதலாவது இரைப்பையில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. வயிறு நிறைந்திருந்தால் உள்ளே அடுப்பு எரிகிறது. தோலுக்கடியில் கொஞ்சம் கொழுப்பும் இருந்தால் அந்தச் சூடு தங்கும். மாரியில் நமது மாடுகளுக்கு இரண்டும் இருப்பதில்லை. பெரும்போக வெள்ளாமை தொடங்கியதும் பட்டிகளை வயலில் இருந்து ஓட்டிவிட வேண்டும். ஓட்டிப் போக வட்டமடுவிலும் மயிலத்தமடு மாதவனையிலும் இருக்கிற மேய்ச்சல் தரைக்கு எத்தனை வருடமாக இழுபறி என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெலிந்த உடம்பு, வெறும் வயிறு, நனைந்த தோல். இந்த மூன்றும் சேர்ந்த இரவில் ஊசி மருந்தோடு வருகிற வைத்தியர் என்ன செய்வார்? அந்த மாடுகளுக்கான வேலை ஒக்டோபரிலேயே நடந்திருக்க வேண்டும். அது தீவனக்காரரின் வேலை.

வைக்கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் வயலோடு எரிக்கிறோம். எரியாமல் மிஞ்சுவதை மாடு தின்றாலும் அதில் புரதம் 3, 4 வீதம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி இரண்டு மூன்று வாரம் வைத்தால், நார் இளகிப் புரத அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். யூரியா சரியாகக் கரையாவிட்டால் மாடு செத்தும் போகலாம். கன்றுக்கு அந்த வைக்கோலைக் கொடுக்கவே கூடாது. வேலிக்கு நட்ட சீமைக்கிளுவை நல்ல புரதம். இப்பில் இப்பில் மரத்தின் இலையும் அப்படித்தான், ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சு இருப்பதால் அளவோடு. எதை, எவ்வளவு, எந்த மாதத்தில் என்ற கேள்விக்கு விடை சொல்ல நமது மாவட்டங்களில் ஆட்கள் போதாது. தயிர்ச்சட்டியைக் காட்டிப் பெருமைப்பட ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள்.

இது பட்டிப் பக்கம். சம்பளம் கூடுதலாக இருப்பது தீவன ஆலைப் பக்கம். கோழி வளர்ப்பில் செலவின் 60 முதல் 70 வீதம் வரை தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தில் பாதியளவு சோளம். சோளம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை 2022இல் கோழிப் பண்ணைகள் மூடப்பட்டபோதும், 2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்கியபோதும் நாடே பார்த்தது. ஆலையில் போசணையாளர் காலையில் வந்ததும் செய்வது கணக்கு. இன்று சோளம் என்ன விலை, சோயாப் புண்ணாக்கு என்ன விலை, தவிடு எவ்வளவு கலக்கலாம், அப்படிக் கலந்தால் லைசின், மெதியோனின் என்ற புரதக் கூறுகள் எவ்வளவு குறையும் என்று பார்த்து, கோழிக்குத் தேவையானது குறையாமல் விலை குறைந்த சேர்மானத்தைக் கணினியில் எடுக்க வேண்டும். லொறியில் வந்த சோளத்தில் ஈரம் கூடியிருந்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்லாடொக்சின் உண்டாகும். அதைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்த நஞ்சு இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நமது பிள்ளைகள். லொறியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் ஆலையின் ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு உண்டு. இலங்கையில் கால்நடைத் தீவனத்துக்கென்று 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் இருப்பவர் அசந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2007இல் வட அமெரிக்காவில் நடந்தது போதும். செல்லப்பிராணித் தீவனத்துக்கென்று சீனாவில் இருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற இரசாயனம் கலந்திருந்தது. நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவதுதான் பழைய முறை. மெலமைனில் நைதரசன் நிறைய. கலப்படக்காரனுக்கு அந்தப் பெருக்கல் தெரிந்திருந்தது. உங்கள் மகளுக்கு இரசாயனவியலில் ஏ. அவள் இதைக் கேட்டபோது நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

உலகத்தில் இந்தத் துறையினர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் கால்நடைப் போசணை 1988இலேயே தனி விசேட துறையாக ஏற்கப்பட்டது. ஐரோப்பாவிலும் அவர்களுக்கெனத் தனிச் சங்கமும், நிபுணர் பட்டம் வழங்கும் கல்லூரியும் உண்டு. ஆண்டு மாநாட்டில் இளம் ஆய்வாளர்களும் மேடையேறுகிறார்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் அன்டிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்தபோது, அது இல்லாமல் குஞ்சை வளர்த்தெடுக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இவர்கள் தலையில்தான் விழுந்தது. செல்லப்பிராணி வைத்தியர்களின் உலக அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாசம், வலி ஆகியவற்றோடு போசணை நிலையையும் ஐந்தாவதாக ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்கிறது. தானியம் சேர்க்காத நாய்த் தீவனத்துக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க அரசு 2018 ஜூலையில் எச்சரித்தது. அந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அங்கே கறவை மாடுகளின் போசணைத் தேவை அட்டவணைகளை 2001க்குப் பிறகு 2021இல்தான் திருத்தி வெளியிட்டார்கள். அது ஹொல்ஸ்டீன் போன்ற பெரிய மாட்டை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. வைக்கோல் தின்று கடலோர வெயிலில் நிற்கும் எருமைக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

வழி என்ன? வந்தாறுமூலை விவசாயபீடத்தில் விலங்கு விஞ்ஞானத்துக்குத் தனித் துறை இருக்கிறது. முதலில் எல்லாப் பாடமும் படிக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, இறுதியாண்டு ஆய்வைத் தீவனத்தில் செய்ய வேண்டும். அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் வரும். அதற்குப் பிறகு பேராதனையில் பட்டப்பின் விவசாய நிறுவகம். தமிழ்நாட்டு நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுகூடம் கோழிப் பண்ணையாளர்களிடையே பெயர் பெற்றது. நமது மொழியில் பேசும் துறையினர் அங்கே இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தப் பட்டத்தால் அவள் கால்நடை வைத்தியர் ஆக மாட்டாள். அதற்கு இலங்கையில் பேராதனையில் ஒரே ஒரு பீடம். நான் மேலே சொன்ன அமெரிக்க, ஐரோப்பிய விசேட துறையின் நிபுணர் பட்டமும் கால்நடை வைத்தியர்களுக்கே உரியது. இவள் ஆகப் போவது விலங்குப் போசணையாளர். ஆலையிலும் ஆய்வுகூடத்திலும் பண்ணையிலும் அந்தப் பெயருக்கு வேலை இருக்கிறது.

ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன்: “விவசாயப் பட்டதாரிகள் வேலை இல்லாமல் வீதியில் இருக்கிறார்களே?” உண்மை. பட்டம் எடுத்துவிட்டு அரச நியமனத்துக்காக வீட்டில் காத்திருந்தால் இவளும் அந்த வரிசையில்தான் நிற்பாள். தீவன ஆலைகளில் பெரும்பாலானவை நமது மாகாணத்துக்கு வெளியே. அங்கே வேலைத்தளத்தில் சிங்களம் பேச வேண்டும், அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பெண் பிள்ளை தனியாகத் தங்க வேண்டும். இதற்கு நீங்கள் இப்போதே மனதளவில் சம்மதித்தால்தான் நான் சொன்னதில் பயன் உண்டு. வெளிநாட்டுக்குத் தனியாக அனுப்பத் துணிந்தவர்கள் குருநாகலுக்கு அனுப்பத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தங்கையின் பிள்ளை டொக்டரானால் கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சுக்கு ஒன்றேகால் கோடி கூடுதல் விலை. அதில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் தருவதாக இதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. கடிதத்தில் உள்ள திகதிக்கு முன் பதிவைச் செய்துவிடுங்கள். கடைசி நாள்வரை வைத்திருக்க வேண்டாம். மூன்றாம் தடவை பரீட்சை எழுத அவளே வேண்டாம் என்கிறாள், ரியூசனுக்கு விரட்டாதீர்கள். விரிவுரை தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் சிங்கள வகுப்புக்கு அனுப்புங்கள். திருக்கோவிலில் உள்ள கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய், களத்துக்குப் போகும்போது கூடப்போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். லண்டன் மாமாவின் காசை மறுக்க வேண்டாம். ஒரு நல்ல மடிக்கணினிக்கும் விடுதிச் செலவுக்கும் அதில் சிறு பகுதி போதும் என்று சொல்லுங்கள். முகவருக்கு முற்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் தொலைபேசியில் கேட்க வேண்டாம். கடிதம் எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியோடு பதிவுத் தபாலில் இந்த வாரமே அனுப்புங்கள்.